எந்த மலை?

பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழரிடம் "மலைக்குப் போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். எந்த மலை என்று கேட்கமாட்டார். தண்ணீர்மலை முருகன் கோயில்தான். ரயில் ஏறிப் போகிற மலைக்குக் கொடிமலை என்று பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் கணவர் ஜொகூர்க்காரர். கல்யாணமாகி இத்தனை காலம் ஆகியும் இந்தச் சின்ன விஷயம் அவருக்குப் பிடிபடவில்லை.

எங்கள் மகனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. இன்னும் முதல் மொட்டை போடவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்திதான் முடியெடுக்க வேண்டும். அந்தத் தாய்மாமனோடு, அதாவது என் ஒரே அண்ணனோடு, எனக்குப் பேச்சு இல்லை. மகன் பிறந்த சில நாட்களில், பாலத்துக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் எங்கள் அப்பா இறந்துபோனார். பச்சை உடம்புக்காரியிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாதாம். எல்லாம் முடிந்து, சாம்பலையும் கரைத்த பிறகுதான் அண்ணன் என்னிடம் போனில் சொன்னார். அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை நான் பார்க்கவில்லை. அன்று போனை வைத்தவள்தான், அதன்பிறகு அவர் அழைத்து ஒருமுறையும் நான் எடுக்கவில்லை.

"முடியெடுக்க மட்டும் அண்ணன் வேணும், பேச வேணாமா?" என்று கணவர் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் அவரே ஒரு ஏற்பாடு செய்தார். பிள்ளைகளைக் கொடிமலை ரயிலுக்குக் கூட்டிப்போவது, அண்ணனையும் அங்கே வரச்சொல்வது, மேலே போய்ப் பக்குவமாக மொட்டைப் பேச்சை எடுப்பது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் சம்மதித்தேன். அவர் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டு வந்து, "வர்றேன்னுட்டாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடிமலை அடிவாரத்து ஆயர் ஈத்தாம் போய், ரயில் நிலையத்து வாசலில் நின்றோம். மூத்தவள், என் மகள், ஒவ்வொரு ரயிலையும் பார்த்து, "இதுலயாப்பா? இதுலயாப்பா?" என்று குதித்தாள். அண்ணனைக் காணோம். கணவர் அழைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை.

"வரமாட்டாரு. எனக்குத் தெரியும். நீங்கதான் பெருசா பஞ்சாயத்துப் பண்ணப் போனீங்க" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அண்ணன் வரவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பிள்ளைகளையாவது ரயிலில் கூட்டிப்போகலாம் என்று வரிசையில் நின்றபோது கணவரின் போன் அடித்தது. அண்ணன்தான். கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"போன் காடி சீட்டுக்கு அடியில கெடந்துச்சு மச்சான். எங்க இருக்கீங்க? முடியெடுக்கிறவரு ரொம்ப நேரமா உக்காந்திருக்காரு."

"முடியா? நாங்க ரயிலுக்கு நிக்கிறோமே மச்சான்."

அந்தப் பக்கம் கோயில் மணிச் சத்தம் கேட்டது.

"சின்னவன் முடி விஷயம், மலைக்கு வந்துருங்கன்னு சொன்னீங்களே லா." பிறகு அண்ணன் குரல் இறங்கிவிட்டது. "அவளுக்கு மனசு வரலன்னா பரவால்ல. நான் சாமியக் கும்பிட்டுட்டுப் போயிடுறேன்."

போனைப் பிடுங்கினேன். "அண்ணே, அங்கயே நில்லுங்க. வர்றோம்."

வழியெல்லாம் மகள் ரயில் ரயில் என்று அழுதாள். அடுத்த வாரம் என்றேன். அவள் நம்பவில்லை. அவளைத் தேற்றுகிற நிலையில் நானும் இல்லை.

தண்ணீர்மலை அடிவாரத்தில், கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் தாம்பாளத்தோடு நின்றிருந்தார். பழம், பூ, வெற்றிலை, அவற்றின் மேல் புதுச் சட்டைகள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. மகன் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த அங்கிள் யாரும்மா?" என்று கேட்டான்.

ரொட்டிக்காரரும் அங்கிள், பஸ் ஓட்டுபவரும் அங்கிள். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

"அங்கிள் இல்லடா. மாமா. அம்மாவோட அண்ணன்."

அண்ணன் சட்டைகளை எடுத்து நீட்டினார். ஒரே நிறத்தில் மூன்று. "எந்த சைஸுன்னு தெரியலம்மா. அதான் சின்னது பெருசுன்னு எல்லாத்துலயும் வாங்கிட்டேன்." அவனுக்குச் சரியானதைத் தேடியெடுத்துப் பையில் வைத்தேன்.

மடியில் உட்கார்ந்ததும் மகன் ஊரைக் கூட்டினான். அண்ணன் ஒரு கையால் அவனை அணைத்து, மறு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டார். முடி கொத்துக் கொத்தாக அவர் வேட்டியில் விழுந்தது. நான் பக்கத்தில் குந்தி, இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டேன்.

"அப்பா மொகம் எப்டிண்ணே இருந்துச்சு?"

அவர் பிள்ளையின் தலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தாடி மொளச்சிருந்துச்சு. நான்தான் வழிச்சுவிட்டேன். நீ வந்து பாக்குறப்ப நல்லா இருக்கணும்னு."

"நானா? பச்ச ஒடம்புன்னுதான சொல்லல?"

"அது மத்தவங்க சொன்னதும்மா. நான் ஒன்னக் கூட்டிட்டுப் போகத்தான் பாலம் தாண்டி வந்தேன். ஒன் வீட்டு வாசல்ல நின்னேன். நீ உள்ள புள்ளகிட்ட சிரிச்சுப் பேசிட்டு இருந்தே. என்னால கதவத் தட்ட முடியல."

அந்த வாசலை நான் தினமும் கூட்டுகிறேன். அவர் வந்து நின்றது எனக்குத் தெரியாது. அவருடைய தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அப்பாவுக்காக, அப்பாவின் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து நான் அழுதது அன்றுதான்.

கணவர் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தார். அண்ணன் அதை வாங்கி மொட்டைத் தலையில் பூசினார். சில்லென்று பட்டதும் மகன் அழுகையை நிறுத்தி, தலையைத் தடவிப் பார்த்தான்.

"மாமா, என் முடி எங்க?" என்று கேட்டான்.