ரிப்பேருக்குப் போகிற கப்பல்

அன்று விவேக் நகர் டிராவல்ஸ் ஆபீஸில் இருந்தது நான், என் மனைவி, கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், வாசலில் வாட்ச்மேன், அவ்வளவுதான். நாங்கள் டிக்கெட் கேட்ட சுற்றுலாக் கப்பலை அடுத்த மாதம் புதுப்பிக்கப் போகிறார்கள், அதனால்தான் டிக்கெட் பாதி விலை என்றாள் அந்தப் பெண். பழுதான கப்பலோ என்று எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கும் மனைவிக்கு இந்த மாத விடுமுறையை விட்டால் வேறு லீவும் இல்லை. எழுந்து வெளியே வந்தேன்.

வாட்ச்மேனுக்குத் தொளதொள சட்டை. ஆள் வரும்போதெல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்து சலாம் வைப்பார்.

“ரிப்பேருக்குப் போற கப்பல்ல ஏறலாமாண்ணா?” என்றேன்.

“எனக்கும் அடுத்த மாசம் முட்டி மாத்துறாங்க சார். அதுவரைக்கும் இந்தக் கதவை யாரு தொறக்கறது, உங்க மாமனாரா?”

பின்னாலேயே வந்த மனைவி சிரித்துவிட்டாள். திரும்பிப் போய் முன்பணம் கட்டினேன். அவர் எனக்குத் தைரியம் சொன்னாரா, தன் வலியைச் சொன்னாரா, இன்னும் புரியவில்லை. மீதி இருபத்திரண்டாயிரம் கட்ட வேண்டும்.