ஜாம் போத்தல் மூடி

போன கிழமை மொன்றியலில், புவாண்ட்-கிளேர் பக்கம் நாய்ச் சாமான் விற்கும் கடையில் ஒரு கிளிக்கர் வாங்கினேன், மகள் கொண்டுவந்திருக்கும் குட்டியைப் பழக்க. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. அழுத்தினால் 'டிக்' என்கிறது. அதை எப்படிப் பாவிப்பது என்று கடைப் பெண் பொறுமையாக விளக்கினாள். எனக்குப் பத்து வயதிலேயே தெரியும் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என்னுடைய முதல் கிளிக்கர் ஜாம் போத்தலின் தகர மூடி. நடுவில் அமுக்கினால் அதே சத்தம்தான்.

அப்போது நாங்கள் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தெருவிலிருந்து வாசலுக்கு இரும்புப் படி. டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை செய்த மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், எங்களோடு இருந்தார். அவரோடு வேலை செய்த ஒருவர் ஊர் மாறியபோது விட்டுப்போன நாயை மாமாதான் கொண்டுவந்தார். மண்ணிற நாய், நல்ல குணம். ஒரேயொரு குறை: படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் குரைக்கும். கதவைத் தட்டினால் வீடே அதிரும்.

அது குரைத்தவுடன் அப்பா எழும்பி, டிவியை நிறுத்திவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நிற்பார். நாயில் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார், பனி கரையமுன் நாயை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றார். கீழ்வீட்டுக் கிழவருக்குக் காது கேளாது என்பதை ஒருவரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

பள்ளி நூலகத்தில் நாய் பழக்கும் புத்தகம் ஒன்று எடுத்தேன். வாய் திறந்து கட்டளை இடத் தேவையில்லை என்று அதில் இருந்தது. வகுப்பில் பெயர் கேட்டாலே தலைகுனியும் எனக்கு அது போதுமாக இருந்தது. முதலில் நாயிடம் ஒன்றும் எதிர்பார்க்கக்கூடாது. டிக், உடனே ஒரு துண்டு சாப்பாடு. திரும்பவும் டிக், துண்டு. அந்தச் சத்தத்தை அது நம்பும்வரை. ஒருமுறைகூட ஏமாற்றக்கூடாது. அவித்த கோழியை நகமளவாகப் பிய்த்து வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மச்சம் சமைக்காததால் நாயும் சைவம்; சீஸ்.

ஒருநாள் குசினியில் அப்பா நாயைக் கொடுக்கும் கதையை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளை பழக்கிப்போடும்" என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் என் மூடி டிக் டிக் என்றது. அம்மா மேசையில் விரலால் தட்டி, "பாத்தியளே, பல்லியும் சொல்லுது" என்றார். ஒருவர் கதைக்கும்போது பல்லி சொன்னால் அந்தச் சொல் பலிக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மொன்றியல் பனிக்குள் ஏது பல்லி என்று அப்பா கேட்கவில்லை. எனக்கு ஒரு மாதம் கிடைத்தது.

மாமா வேலைக்குப் போகமுன் தினமும் படியில் ஏறி இறங்கினார். முதலில் மெல்லிய சப்பாத்து, விரல் நுனியால் ஒரு தட்டு. பிறகு பூட்ஸ். பிறகு கையை மடக்கித் தட்டல். நாய் குரைக்கமுன் வரும் அந்த ஒரு கணத்தில் டிக் விழவேண்டும். முதல் கிழமை நான் பிந்திப் பிந்தி அமுக்கினேன். குரைத்தால் கோழி வரும் என்று நாய் விளங்கிக்கொண்டு இன்னும் உற்சாகமாகக் குரைத்தது. "நீ நாயைப் பழக்கிறியோ, என்னைப் பழக்கிறியோ?" என்று மாமா குளிரில் நின்று கேட்டார். நான் விடவில்லை. திரும்பவும் விரல் நுனியிலிருந்து தொடங்கினோம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஓங்கித் தட்டினார். நாய் கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பேசாமல் இருந்தது. டிக். அப்பா கதிரையில் இருந்தபடியே இருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"இன்னொருக்காத் தட்டச் சொல்லு, பிள்ளை" என்றார் அப்பா.

மூன்று தரம், நான்கு தரம் மாமா தட்டினார், நான் திறந்தேன். கோழி முடிந்துவிட்டது.

"அதுக்கு விளங்கிட்டுது அப்பா. காணும்."

"ஓம். இன்னும் ஒருக்கா."

நாயை அனுப்பச் சாட்டுத் தேடுகிறார் என்று எனக்கு அழுகை வந்தது. பாண் துண்டைக் கிள்ளி வைத்துக்கொண்டு, விடாமல் தொடர்ந்தேன்.

நாய் பதினொரு வருடம் எங்களோடு இருந்தது. ஊரில் அப்பாவின் அண்ணைக்கு நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது அதற்கும் பிறகுதான். முதலில் நாய் குரைத்ததாம், பிறகு பூட்ஸ் சத்தம், பிறகு கதவில் தட்டல். கூட்டிக்கொண்டு போனவர்கள் அவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நாயில் மட்டும்தான் கவனமாக இருந்தேன். ஒவ்வொரு தட்டலுக்கும் நாய் என் கையைப் பார்த்தது. அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், அது திறந்து, குளிரில் மூக்குச் சிவந்த மாமாவின் முகம் தெரியும்வரை.