பதினெட்டாவது இட்லிக் கடையின் கடிகாரம்

கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் அப்போது பதினேழு டிபன் கடைகள் இருந்தன. பதினேழிலும் இட்லி. பதினேழிலும் 'சூடாகக் கிடைக்கும்' என்று பலகை. ஆறிப்போய்க் கிடைக்கும் என்று எழுதிவைக்கும் நேர்மையாளர் யாரும் அந்தத் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்தச் சாரியில்தான் நெல்லித்தோப்பு சுடர்விழி தன் தள்ளுவண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். வயது நாற்பத்துமூன்று. விற்கப்போவது என்னவென்றால், இட்லி.

அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு பெண்கள் விடுதியில் சமையல். விடுதி முதலாளிக்குத் திடீரென்று ஞானம் வந்து, கட்டடத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, வெள்ளைக்காரர்கள் தங்கும் இடமாக்கிவிட்டார். அவர்கள் காலையில் ரொட்டி தின்பவர்கள். சுடர்விழிக்கு வேலை போயிற்று. விடைபெறும்போது சமையலறைச் சுவர்க் கடிகாரத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கரும்புச்சாறு வண்டிக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போனதில் சாரியில் மரத்தடியில் ஆறடி காலியாக இருந்தது. அதற்குக் கடைக்காரர் சங்கத் தலைவர் வடிவேலின் சம்மதம் வேண்டும். பரோட்டாக் கடை வடிவேல் அந்த ஆறடியைத் தன் மச்சானுக்காக மனசுக்குள் பட்டா போட்டுவைத்திருந்தவர். ஆனாலும் தலைவர் என்றால் நியாயஸ்தராகவும் தெரியவேண்டுமே.

"ஏம்மா, இங்க இட்லிக்கா பஞ்சம்? ஆஸ்பத்திரிக்கு வர்றவனவிட இட்லி ஜாஸ்தி."

"எல்லாரும் இட்லி விக்கிறாங்கண்ணே. நான் மணி விக்கப்போறேன்."

வடிவேலுக்குப் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் தீர்ப்புச் சொன்னார். "எட்டு நாள் டயம். எட்டாம் நாள் பதினோரு மணிக்கு நானே வருவேன். குண்டான்லயும் மாவு இருக்கக்கூடாது, தட்டுலயும் இட்லி இருக்கக்கூடாது. ஒண்ணு மிஞ்சினாலும் எடத்த காலி பண்ணிடணும்."

"சரிண்ணே. பதினொண்ணுக்கு வந்து ஏமாந்து போவீங்க, முன்னாடியே வாங்க."

அவள் மணி விற்ற விதம் இது. விழுப்புரம், திண்டிவனம் பஸ்களில் வெறும் வயிற்றோடு வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். தெருக்கோடியில் கலைவாணன் வைத்திருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முதல் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கை நீட்டவேண்டும். சாப்பிட்டபின் மரத்தடியில் தூங்கிப்போவார்கள். எழுந்து ஓடினால், "லேட்டு, நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்பார் கலைவாணன். சுடர்விழி ஒரு துண்டுச் சீட்டில் முதல் வாய் வைத்த மணியையும் திரும்பப் போகவேண்டிய மணியையும் எழுதிக் கொடுத்தாள். பெஞ்சு போட்டு உட்காரவைத்தாள். நேரம் வந்ததும் ஊர்ப்பேர் சொல்லி எழுப்பினாள். "திண்டிவனத்து அக்கா, எழுந்திரு! ரத்தம் கூப்பிடுது!"

ஐந்தாம் நாள் முக்கால் குண்டான் போயிற்று. அவள் ஆச்சரியப்படவில்லை. தன் திறமையைக் கண்டு தானே வியக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அது எப்போதும் உள்ளதுதானே.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துணிக்கடையில் வேலை பார்க்கும் கணவன் செல்வகுமாருக்கு விடுமுறை, ஒத்தாசைக்கு வந்தான். கூட்டம் நெரிந்ததால் அவள் இட்லி எடுக்க, அவன் சீட்டு எழுதினான். அங்கேதான் வினை.

வண்டியில் மாட்டியிருந்த அந்த விடுதிக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடுவது. விடுதிப் பெண்கள் காலேஜ் பஸ்ஸை விடாமல் இருக்க அப்படி வைத்திருந்தார்கள். பதினோரு வருஷம் பார்த்த கண்ணுக்கு, முள்ளைப் பார்க்கும்போதே மனசு பத்தைக் கழித்துவிடும். கழிக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. செல்வகுமார் முள் காட்டியதை அப்படியே எழுதினான். ஜனங்கள் தங்கள் போனைப் பார்த்து, சீட்டில் இருந்த மணிக்குச் சரியாகக் கிளம்பிப் போனார்கள்.

யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆனால் அன்றைக்குச் சாப்பிட வந்தவர்களில் ஜான்-பத்திஸ்த் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. இட்லியைப் பிட்டபோதே கைக்கடிகாரத்தைப் பார்த்துவைத்தவர். கூடத்துக்குப் போய்க் கையை நீட்டாமல் வாயைத் திறந்தார்.

"முசே கலைவாணன், நான் சாப்பிட்டது எட்டு பத்து. சீட்டு எட்டு இருபதுங்குது. இப்ப ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் ஆச்சு. இந்த ரத்தம் செல்லாது!"

கலைவாணன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வரிசையில் எட்டுப் பேர் கையில் அதே சீட்டு. ஒன்பது பேரையும் திருப்பி அனுப்பினார்.

ஒன்பது பேரும் வண்டியைச் சுற்றி நின்று பேசியதை அச்சில் போட முடியாது. வடிவேல் பரோட்டா மாவை ஓங்கி அடித்துக்கொண்டே குரல் கொடுத்தார். "என்னம்மா, மணி ஊசிப்போச்சா?"

"வீட்டுக் கடிகாரம் கால் மணி முன்னாடி ஓடும், அது தெரியும்" என்றான் செல்வகுமார் பாவமாக. "கடையில மாட்டுறது சரியா இருக்கும்னு நெனச்சிட்டேன்டி."

"தப்பு எங்களுதுதான்" என்றாள் சுடர்விழி கூட்டத்திடம். "நாளைக்கு ஒம்போது பேருக்கும் இட்லி என்னோடது. வாங்க."

ஏழாம் நாள் வந்தவர்கள் இரண்டே பேர். பாதிக் குண்டான் மாவு நெல்லித்தோப்புக்கே திரும்பிப் போய், அக்கம்பக்கத்தில் எல்லோரும் ராத்திரி இட்லி தின்றார்கள். ஆனால் அன்று காலை, வண்டியைத் தள்ளிவரும் வழியில், அவள் கடிகாரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கலைவாணன் ஜன்னலில் போய் நின்றிருந்தாள்.

"சார், உங்க கடிகாரத்த காட்டுங்க."

"எங்களுது நாலு நிமிஷம் ஸ்லோம்மா. போன பாத்து வச்சுக்க."

"ஊரு மணி எனக்கு எதுக்கு சார்? ரத்தம் எடுக்கிற மணிதான் வேணும்" என்று முள்ளைத் திருகி அதே நாலு நிமிஷம் பின்னால் வைத்தாள். அன்று வந்த இரண்டு சீட்டும் கலைவாணன் ஜன்னலில் நிமிஷம் பிசகாமல் நின்றன. இதுவரை யாரும் அவருடைய கடிகாரத்தை மதித்ததில்லை. மனிதர் குளிர்ந்துபோனார்.

எட்டாம் நாள் காலையிலிருந்தே முதல் ரத்தம் கொடுத்தவர்களிடம் அவரே சொல்லி அனுப்பினார்: "மரத்தடியில அந்தம்மா கிட்ட சாப்பிடுங்க." வந்தார்கள். ஜான்-பத்திஸ்தும் வந்தார், கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மதாம், இது நாலு நிமிஷம் பின்னாடி ஓடுது."

"லேப்பும் நாலு நிமிஷம் பின்னாடிதான், முசே."

சொல்தா விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

பத்தே முக்காலுக்குக் குண்டான் வழித்தாயிற்று. தட்டில் கடைசி ஈட்டில் நாலு இட்லி மிஞ்சி நின்றன. தெருவில் பசித்த முகம் ஒன்றுகூட இல்லை. தூரத்தில் வடிவேலின் மச்சான் ஆறடியைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான். சுடர்விழி இட்லி ஆறாமல் மூடிவைத்துவிட்டு நிதானமாகப் பெஞ்சைத் துடைத்தாள்.

வடிவேல் வந்தார், சொன்னதற்குப் பத்து நிமிஷம் முன்னதாக. சோதனைக்கு வந்தவர் நடையாக இல்லை. சட்டைக்கை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டிருந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சு புடைத்துக்கொண்டிருந்தது.

"எப்பண்ணே குடுத்தீங்க?"

"மெதுவா பேசும்மா. பின்வாசல் வழியா போனேன். கடையில தெரிஞ்சா பரோட்டா தின்னு சக்கர வந்துச்சுன்னு பரப்பிடுவானுங்க." குரலை இன்னும் இறக்கினார். "அந்த லேப்புக்காரன் உன் சீட்டு இல்லாம வராதங்கிறான்."

சுடர்விழி நாலு இட்லியையும் இலையில் வைத்து, மணி பார்த்துச் சீட்டும் எழுதிக் கொடுத்தாள். வடிவேல் குனிந்தபடி தின்றார். தின்று முடித்ததும் தலைவருக்குக் கடமை ஞாபகம் வந்தது. எழுந்து குண்டானைத் திறந்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தான் தின்ற இலையைப் பார்த்தார்.

"இதான் கடைசியா?"

"ஆமாண்ணே. நீங்க தீத்து வச்சதுதான்."

வடிவேல் தட்டைக் கீழே வைத்தார். "பலக எழுதிக்கம்மா" என்றார். "மச்சானுக்கு வேற எடம் பாத்துக்கிறேன்."

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். பத்தடி போனதும் பின்னாலிருந்து சுடர்விழி, சாரி முழுக்கக் கேட்காத அளவுக்குக் குரல் கொடுத்தாள்.

"பன்னெண்டு அம்பதுக்குண்ணே! உங்க கடைக் கடிகாரத்த பாக்காதீங்க, அது கால் மணி முன்னாடி ஓடுது. இங்க வந்து உக்காருங்க, நான் எழுப்புறேன்."