நான் கொடுத்த முறைப்பாடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில் இரும்புப் பாகங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் ஒழுங்காகத் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். அதன்பிறகுதான் கொழும்பில் காத்திருந்த மனைவியைக் கூப்பிடுவதாக இருந்தேன்.

எங்கள் பகுதியில் முக்கால்வாசிப் பேர் ரஷ்யர்கள். சூப்பர்வைசரும் ரஷ்யர்தான், அறுபதை நெருங்கிய மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை. நான் துளையிட்ட தகடு மயிரிழை பிசகினாலும் எல்லாருக்கும் முன்னால் தூக்கிக் காட்டி, குப்பை என்பார். நான் மரியாதைக்குச் சிரித்து வைப்பேன். அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும். மற்ற ரஷ்யர்களையும் அப்படித்தான் ஏசினார். அவர்கள் திருப்பி ஏசிவிட்டு, மதியம் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அதைக் கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

கூட வேலை செய்த நம்மவர் ஒருவர், "எங்கட ஆக்களெண்டா உவனுக்குப் பிடிக்காது தம்பி. பேசாமல் ஒபிசில போய்ச் சொல்லும்," என்றார். மூன்றாம் மாதம் முடிய ஒரு கிழமை இருக்கையில் போய்ச் சொன்னேன். இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொன்னேன்.

மனேஜர் பெண்மணி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி சூப்பர்வைசர் அதற்கு முதல்நாளே எழுதிக் கொடுத்திருந்தார். திருத்தினால் திருந்துகிற ஆள் என்று அதில் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முறைப்பாடு வேண்டாம் என்றேன். ஆனாலும் அவரை விசாரித்தே ஆகவேண்டும் என்றார் மனேஜர். என் பெயரைச் சொல்லமாட்டாராம்.

அவரை விசாரித்தார்கள். வெளியே வந்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. என்னால்தான் இருக்க முடியவில்லை. பின்னேரம் அவரிடம் போய், நான்தான் சொன்னேன் என்றேன்.

"எழுதிக் கொடுத்ததை மாற்றமாட்டேன், வேலை நன்றாகச் செய்கிறாய்," என்றார். பிறகு, "ஸ்டாலின் காலத்தில் என் அப்பாவைப் பற்றியும் ஒருவன் இப்படித்தான் மேலிடத்தில் சொன்னான். கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை," என்றார்.

காட்டிக்கொடுப்பு என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேலை நிரந்தரமானது, மனைவியும் வந்து சேர்ந்தார். அங்கே இன்னும் நாலு வருடம் இருந்தேன். அவர் என்னை ஒருநாளும் ஏசவில்லை. பிழையாகப் போன தகட்டைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிட்டுப் போவார். ஏச்சு வாங்கிய அந்த மூன்று மாதமும் அவருடைய ஆட்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கூசுகிறது.