ரோட்டைப் பார்த்த ஆஸ்பத்திரி

அன்று காலை அங்கே இருந்தது முதலாளி, டிக்கெட் கிழிக்கும் நான், நர்ஸ் உடுப்பில் நிற்கும் அக்கா, சுற்றிப் பார்க்க வந்த பதினோரு பேர். அப்புறம் வந்தவர்கள் ஐந்து பேர். நாலு பேர் ஓடி வந்தார்கள், ஒருவர் தோளில் வந்தார். டாக்டர் என்று அங்கே யாரும் எப்போதும் இருந்ததில்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில் முதலாளி இடம் வாங்கி, பழைய சினிமா செட்டுகளை நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டினார். ஜெயில், கோர்ட்டு, அரண்மனை எல்லாம் உள்ளே. ஆஸ்பத்திரி மட்டும் ரோட்டைப் பார்த்து, 'அவசர சிகிச்சை' என்று சிவப்புப் பலகையோடு நின்றது. பார்த்ததும் வண்டியை நிறுத்துவார்கள் என்பது அவர் எண்ணம். முதல் நாளே நான் அவரிடம் கேட்டேன்.

"நெஜமாவே யாராவது வந்துட்டா இன்னா சார் பண்றது?"

"எட்டாவதோட நின்னவன் எனக்கு யோசனை சொல்றான் பாரு. நீ பயந்துக்கினே கெடடா."

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சம்பளம் ஒரு நாள் தவறியதில்லை.

வந்தவர்கள் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்க வந்த வெளியூர்க்காரர்கள். பாம்பு கடித்தவரை அட்டைச் சுவரோரக் கட்டிலில் கிடத்தினார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். "செமயா நடிக்கிறாங்கப்பா!" என்று ஒருவர் கைதட்டினார். கடிபட்டவரின் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரக் கூப்டும்மா."

"யம்மா, நான் நர்சு இல்லம்மா. இது சினிமா செட்டு."

"அப்டிச் சொல்லி வெரட்டாதம்மா. காசு வச்சிருக்கோம்."

கடைசியில் நான்தான் அவளைப் பின்பக்கம் இழுத்துப்போய், சுவரைத் தாங்கிய சவுக்குக் கம்புகளைக் காட்டினேன்.

முதலாளியின் வேனில் ஏற்றி முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினோம். "இவ்ளோ நேரம் எங்கம்மா வச்சிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். "இவங்க ஆஸ்பத்திரிலதாங்க." கம்புகளைப் பார்த்த பிறகும் அப்படித்தான் சொன்னாள்.

அவர் பிழைக்கவில்லை.

முதலாளி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியைப் பிரித்து உள்ளே தள்ளினார். முன்பக்கம் காலியாகக் கிடந்தால் வண்டி நிற்காதாம். போலீஸ் ஸ்டேஷன் செட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். "இதுக்குள்ள எவன்டா தானா வருவான்?" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண், குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அந்த ஸ்டேஷன் படியேறினாள். ரோட்டோரம் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.