மூடிவைத்த மெசின்

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. தண்ணீர்க் குடத்துக்கு, சோற்றுச் சட்டிக்கு, தொலைக்காட்சிக்கு, கட்டிலுக்கு. வாவிக்கும் வயல் வட்டைக்கும் நடுவில் வீடு. மேற்கே, வேலிக்கு அப்பால் நெல் மில். கச்சான் என்கிற மேல்காற்று எழும்பினால் மில் புகைபோக்கியின் உமிச் சாம்பல் நேரே எங்கள் முற்றத்துக்குத்தான் வரும். மில் வந்த நாளிலிருந்து என் கை தன்பாட்டில் எதையாவது மூடிக்கொண்டே இருக்கும்.

என் கணவரின் நெஞ்சை மட்டும் மூட முடியவில்லை. பீடி தொடாத மனிதர். வயலில் மாடு மாதிரி உழைத்தவர், வாசல் படலை வரை நடப்பதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரியில் முட்டு வருத்தம், மூச்சிழுப்பு என்று வாயில் வைத்து இழுக்கும் பம்ப் ஒன்றைக் கொடுத்து, புகை இல்லாத இடத்தில் இருக்கச் சொன்னார்கள். வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

சுற்றாடல் அதிகாரசபைக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதினேன். பதில் வராமல் திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் காற்றை அளக்க வருவதாகச் சொன்னார்கள். காற்றிலுள்ள தூசு, சட்டம் சொல்லும் அளவைத் தாண்டினால் மில்காரர் புகைபோக்கிக்கு வடிகட்டி பூட்டியே ஆகவேண்டுமாம். அதைக் கேட்டதும் என் கணவரின் முகம் தெளிந்தது.

உத்தியோகத்தர்கள் இரண்டு பேர் வந்து, முற்றத்தின் நடுவில் மூன்று கால் வைத்த மெசின் ஒன்றை நிறுத்தினார்கள். ஒரு நாள் முழுக்க அது காற்றை உறிஞ்சுமாம்.

"அம்மா, விலையான சாமான். நாளைக்குக் காலமை வந்து எடுப்பம். கவனமாப் பாத்துக்கங்க," என்றார் மூத்தவர்.

"நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க மகன்," என்றேன்.

மத்தியானம் கச்சான் எழும்பியது. மெசினின் தலையில் சாம்பல் விழத் தொடங்கியது. எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்தவர் நம்பிக் கொடுத்த பொருள். தோய்த்து வைத்திருந்த பெட்சீட்டை எடுத்துத் தலை முதல் கால் வரை போர்த்தி, காற்றில் பறக்காமல் கயிறும் கட்டினேன். இவர் உள்ளே படுத்திருந்தார், நான் மூடியதைக் காணவில்லை. மறுநாள் விடிந்ததும் அவிழ்த்து, மெசினைத் துடைத்து வைத்தேன். வந்தவர்கள், "நல்ல துப்பரவா வச்சிருக்கிறீங்க அம்மா," என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர்கள் போன பிறகு பெட்சீட்டைக் கிணற்றடியில் அலசினேன். மூன்று வாளித் தண்ணீரும் கறுப்பாகவே ஓடியது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தூசு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறதாம். இவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப இது என்ன புள்ள?" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டார்.

அப்போதுதான் அந்தக் கறுத்த தண்ணீர் என் நினைவுக்கு வந்தது.

கந்தோருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். மூத்தவர்தான் எடுத்தார்.

"மூட வேணாம் எண்டு நாங்களும் சொல்லயில்ல அம்மா. ஆனா முடிவு போயிட்டு. புதிசா எழுதித் தாங்க. மெசின் ஒண்டுதான் இருக்கு. உங்கட முறை வரக்குள்ள கூப்பிடுவம்."

வெளிநாடுகளில் இந்த அளவு இன்னும் கடுமை என்றும் சொன்னார். எங்கட நெஞ்சு என்ன தகரத்தில செஞ்சதா என்று கத்திவிட்டேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார். கோபம் முழுக்க என்மேல்தான்.

இவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"ஊரான்ட சாமான்தானே புள்ள. மூடாம வேற என்ன செய்யிற," என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே புதிதாக எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருசக் கச்சானுக்குத்தான் எங்கள் முறை வந்தது. இவருடைய முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஒரு கிழமை. அவருடைய கட்டிலில் சாம்பல் படாமல் அந்தப் பெட்சீட்டை விரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அம்மா, வியாழக்கிழமை மெசின் கொண்டு வாறம். ஐயாவுக்கு இப்ப எப்பிடி?"

"கொண்டு வாங்க மகன்," என்றேன். "இந்த முறை மூட மாட்டன்."