இழுத்தால் மலையே நிற்கும் என்றேன்

நாலு வருஷத்துக்கு முந்தைய பங்குனி மாசம் அது. அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேட், கிரில், டிராக்டர் டிப்பர் என்று வழக்கமான வேலைகள்தான். அந்த வருஷம் எனக்குத் தெரிந்த பழைய இரும்பு வியாபாரி ஒருவர், ராணுவத்தில் கழித்துவிட்ட மூன்று டிரெய்லர்களை ஏலத்தில் எடுத்து வந்து என் பட்டறை வாசலில் இறக்கினார். "நீ மாத்திக் குடு, நான் வித்துக்கிறேன்" என்றார்.

ரெண்டு சக்கர டிரெய்லர்கள். பச்சைப் பெயிண்ட் உரிந்து, பக்கப் பலகையில் வெள்ளை எண்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. ஆனால் இரும்பு என்றால் அதுதான் இரும்பு. சுத்தியலால் தட்டினால் கோயில் மணி மாதிரி சத்தம் வரும். முன்னால் தாங்கி நிற்க, அடியில் சின்னச் சக்கரம் வைத்த ஒரு முன்கால். இழுவைக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஹேண்ட் பிரேக் லீவர். அதிலிருந்து அடிச்சட்டம் வழியாக ஒரு கம்பி பின்னால் போய் ரெண்டு சக்கரத்தையும் பிடிக்கும். வண்டியிலிருந்து கழற்றித் தனியாக விட்டாலும் டிரெய்லர் நகராமல் நிற்பதற்கான ஏற்பாடு.

ஒரு டிரெய்லரைத் திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு அக்கா வாங்கினார். விவசாயக் குடும்பம். அந்தப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணிதான் வரும். அவர்கள் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணி. அதை டிராக்டரில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்று வந்தார்கள். பழைய டிரெய்லர் இற்றுப்போனதால் இதில் தண்ணி டேங்க்கை ஏற்றித் தரச் சொன்னார்.

"வெயிலு ஏறிப்போச்சுண்ணே. சனம் கொடத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிது. ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்திருங்க" என்றார்.

இழுவை வளையத்தை டிராக்டருக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றினேன். கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை வைத்தேன். சக்கரத்தைக் கழற்றி, இறுகிப்போயிருந்த பழைய கிரீஸை வழித்தெடுத்து, புதுசு வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. டேங்க் உட்காருவதற்கான சட்டத்தை வைக்கும்போதுதான் பிரேக் கம்பி குறுக்கே வந்தது. கம்பியை வேறு வழியாக வளைத்துக் கொண்டுபோக வேண்டும். அரை நாள் வேலை. மறுநாள் ஒரு கல்யாண மண்டபத்துக்கு கேட் மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கட்டரை எடுத்துக் கம்பியை அறுத்து ஓரமாகப் போட்டேன். டிராக்டரிலேயே பிரேக் இருக்கிறதே, இதற்கு எதற்குத் தனியாக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லீவரை மட்டும் அப்படியே விட்டேன். அதற்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தது.

டிரெய்லரை எடுத்துப்போக அந்த அக்காவின் டிராக்டர் டிரைவர் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ரெண்டு பெண் பிள்ளைகளின் அப்பா. நிதானமான ஆள். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு லீவரைத் தொட்டுக் கேட்டார்.

"இது என்னண்ணே?"

"ஹேண்ட் பிரேக்குப்பா. மிலிட்டரி சாமானு. இழுத்தா மலையே நிக்கும்."

எதிர் டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அவர் லீவரை இழுத்துப் பார்த்தார். கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. லீவருக்கு அடியில் இருந்த பல்லெல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்ததால், ஏதோ பிடிக்கிற மாதிரியே கைக்குத் தெரிந்திருக்கும். கம்பியை எடுத்துவிட்டேன் என்று அடுத்த வார்த்தையாகச் சொல்ல இருந்தேன், அதற்குள் போன் வந்துவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் சொல்வதாக இருந்தேனா என்பது இன்று எனக்கே நிச்சயமில்லை.

மாதம் ஒரு தடவை சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்க அந்த டிரெய்லர் பட்டறைக்கு வரும். ரெண்டு தடவை வந்தது. ரெண்டு தடவையும் லீவர் என் கண்ணில் பட்டது. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். எப்போதும் டிராக்டரோடு சேர்ந்தேதான் நிற்கிறது, தனியாக எங்கே நிற்கப்போகிறது என்ற எண்ணம்.

வைகாசியில் ஒரு காலைப் பொழுதில் அந்த அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"அண்ணே, டிரைலரு உருண்டுருச்சு. நம்ம டிரைவரு கீழ மாட்டிக்கிட்டாருண்ணே."

நடந்தது இதுதான். கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு தெரு. கரைமேல் ஏறுகிற சரிவில் டிராக்டரை நிறுத்தி, பின்னால் உள்ள குழாயில் பெண்கள் குடத்தில் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது விறகு ஏற்றி வந்த வண்டி ஒன்று கண்மாய் மணலில் புதைந்துவிட்டது. கொஞ்சம் இழுத்துவிடுங்கள் என்று ஆள் வந்து கூப்பிட்டிருக்கிறார். பெண்கள் தண்ணி பிடிக்கிறபடி பிடிக்கட்டும் என்று, டிரைவர் டிரெய்லரை மட்டும் கழற்றி அங்கேயே விட்டிருக்கிறார். முன்காலை இறக்கிவிட்டார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது போதாதென்று சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கலும் வைத்தார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

டிராக்டர் இருபது அடிகூடப் போகவில்லை. செங்கல் நொறுங்கி டிரெய்லர் பின்னால் உருள ஆரம்பித்தது. பெண்கள் கத்தியதைக் கேட்டு அவர் டிராக்டரை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடியிருக்கிறார். ஓடிப்போய் அந்த லீவரைத்தான் பிடித்தார். ரெண்டு கையாலும் பிடித்து, காலை மண்ணில் ஊன்றி இழுத்திருக்கிறார். குழாயடியில் குனிந்திருந்த ஒரு அம்மாவை டிரெய்லர் தள்ளிவிட்டது. அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. டிரைவர் தொங்கிக்கொண்டே இழுத்ததில் டிரெய்லர் ஒரு பக்கமாகத் திரும்பிப் பள்ளத்தில் சாய்ந்தது. அவருடைய வலது கால் அதற்கு அடியில் போனது. மதுரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றேன். அவர் மனைவி எழுந்து எனக்கு ஸ்டூலைத் தந்தார். டிரைவர் என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, நான் இழுத்துத்தான் வச்சேன். சரியா இழுக்கலையோ?"

அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் மனைவி பக்கத்தில் நின்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம். ஒடம்பப் பாரு" என்றேன்.

ஆறுதலாகப் பேசியதாக அவர் மனைவி நினைத்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள்: பிரேக்கைச் சரியாக இழுக்காமல் விட்டுப் போய்விட்டான். நானும் அந்தப் பேச்சைக் கேட்டேன். எங்கள் டீக்கடையிலேயே கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

சாய்ந்த டிரெய்லரைப் பழுது பார்க்க என்னிடமே கொண்டுவந்தார்கள். லீவர் கடைசிப் பல்வரை இழுபட்டு, அதற்கு மேலும் இழுபட்டு வளைந்திருந்தது. அவ்வளவு கனமான இரும்பு அது. ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்து இழுத்தால்தான் அப்படி வளையும். அது எதற்கும் கட்டப்படாத லீவர் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து, லீவரை நிமிர்த்தி, புதுக் கம்பி போட்டேன். சட்டத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய் ரெண்டு சக்கரத்திலும் மாட்டினேன். மூன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவுதான் ஆனது. மற்ற ரெண்டு டிரெய்லர்களிலும் அதே கம்பியை அறுத்திருந்தேன். இலவச சர்வீஸ் என்று பொய் சொல்லி, அவை விற்றுப்போன ஊர்களுக்கே போய் அவற்றையும் சரி செய்துவிட்டு வந்தேன். அந்த அக்காவிடம் கூலி வாங்கவில்லை. "ஒங்க மனசு யாருக்குண்ணே வரும்" என்றார் அவர். வெல்டிங் நெருப்பு எத்தனையோ தடவை கையில் பட்டிருக்கிறது. எதுவும் அப்படிச் சுட்டதில்லை.

ஆறு மாதம் போனது. கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. ஊன்றுகோலோடு அந்த டிரைவர் இறங்கினார். ஆள் பாதியாகியிருந்தார். மச்சானின் ஸ்கூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, பின்னால் ரெண்டு பக்கமும் சக்கரம் வைத்துக் கொடுத்தால் திருச்சுழியில் ஒரு கடை வேலைக்குப் போய்வரலாம் என்றார். அளவெல்லாம் பேசினோம். கிளம்பும்போது நின்று சொன்னார்:

"பிரேக்க மட்டும் லேசாத் தொட்டாலே பிடிக்கிற மாதிரி வச்சிருங்கண்ணே. என் இழுவையில எனக்கே நம்பிக்கை இல்ல."

அளவெடுத்த டேப்பைக் கீழே வைத்தேன். அவரை உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி குறுக்கே வந்தது, அறுத்தது, பெயிண்ட் அடித்தது, ரெண்டு தடவை பார்த்தும் சொல்லாதது, வளைந்த லீவர், எல்லாம்.

அவர் திட்டுவார், ஊன்றுகோலால் அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அவர் தன் ரெண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கத்துலயும் இந்தக் கையி இழுத்துக்கிட்டே கெடக்கும்ணே. எம்பொண்டாட்டிதான் எழுப்பிவிடுவா. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்திருந்தா அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காதேன்னு..." என்றவர், என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆஸ்பத்திரியில ஒங்ககிட்டக் கேட்டேன்லண்ணே?" என்றார்.

"கேட்டப்பா. அப்பவும் மறைச்சுட்டேன்" என்றேன்.

"எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. அந்தம்மாட்ட வந்து சொல்லுங்க."

அப்போதே அவரை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுவரில் சாய்த்த கம்பு. எங்களைப் பார்த்து, அதை ஊன்றி எழப் போனார். டிரைவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்று கேட்டார்கள். நல்லதுதான்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏய்யா, ஊரே ஒன்னச் சொல்லும்போது நானும் சேந்துல பேசுனேன்" என்று அழுதார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "வந்து சொல்லிட்டீக, சரி. ஆனா ஆறு மாசமா இந்தப் புள்ள ஊருக்குள்ள தலையத் தூக்கி நடக்கல. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

அந்த அக்காவிடமும் அன்றைக்கே போய்ச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. அதன் பிறகு எந்த வேலைக்கும் என் பட்டறைக்கு வரவில்லை.

ஸ்கூட்டர் வேலையும் வராது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து அவர் அதைக் கொண்டுவந்தார். வேலை நடந்த ரெண்டு நாளும் ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வெல்டையும் பார்த்தார். முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, பிரேக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். சரிவில் நிறுத்தி ஏழெட்டுத் தடவை பிடித்துப் பார்த்தார். நின்றது. அவர் என்னை நம்பி வரவில்லை, தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வந்தார். அது சரிதான்.

இப்போது எந்த வண்டியை மாற்றினாலும், என்ன சேர்த்தேன் என்பதைவிட என்ன எடுத்தேன் என்பதை, எடுத்துப்போகிற டிரைவரைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு வேலை கொடுக்காமல் போனவர்களும் உண்டு. போகட்டும். அவர் இழந்த காலை நான் எந்த ஜென்மத்திலும் திருப்பித் தர முடியாது. ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் "தப்பு ஒன்னோடதில்லப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு நல்ல மனுஷனுக்கு ஆறு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும். அதைச் சொல்லாமல் எழுந்து வந்த அந்த நிமிஷம்தான் இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.